இடது இறக்கையின் முறுக்கு

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்குவதற்காக நான் வேலை பார்த்த கல்லூரிக்குப் போயிருந்தேன். பௌதிக ஆய்வகத்தில் இப்போது உதவியாளர்களாக இருக்கும் இரண்டு பெண்கள் மேஜை மேல் ஒரு மாதிரி விமானத்தைப் பரப்பி வைத்திருந்தார்கள். மாணவிகளின் அறிவியல் சங்கத்துக்காம். ஒருத்தி இறக்கைச் சட்டத்தின் மேல் சிவப்புப் பிளாஸ்டிக் தாளைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை மெல்ல நகர்த்தினாள். தாள் சுருங்கி மத்தளத் தோல் மாதிரி இறுகியது. கால் மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்துவிட்டது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பெட்டி எவ்வளவு சூடு, தாள் எந்தப் பக்கமாகச் சுருங்குகிறது என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

“உங்க காலத்துல எதை வச்சு மூடினீங்க மேடம்?” என்றாள் அவள்.

“ஒரு பட்டுப் புடவையை வச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

உறையூரில் எங்கள் வீட்டில் நாலு தறி இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆறு வருடம் வீட்டுத் தறியில் இருந்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில், திருச்சியில் அந்தப் பெண்கள் கல்லூரியின் தையல் வகுப்பில் உதவியாளராகச் சேர்ந்தேன். ஊசி கோர்ப்பது, துணி அளப்பது, கத்தரியை எண்ணி வைப்பது. இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

ஒருநாள் பௌதிக விரிவுரையாளர் ஆக்னஸ் மிஸ் தையல் வகுப்புக்குள் வந்தார். கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் ஒரு சின்னக் காந்தம் ஒற்றைப் பட்டு இழையில் தொங்க வேண்டும். மாணவிகள் இழையை அறுத்துவிட்டார்கள்.

“இங்க யாருக்காவது முறுக்கே இல்லாத இழை எடுக்கத் தெரியுமா?” என்று கேட்டார்.

நான் ஒரு பட்டு நூலை வாங்கி, பிரித்து, அதிலிருந்து ஒரே ஒரு இழையை உருவிக் கட்டிக் கொடுத்தேன். கட்டி முடித்த பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. “முறுக்கு இருந்தா என்ன மிஸ் ஆகும்?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நூல் தன் முறுக்கைப் பிரிக்கப் பார்க்கும். காந்தத்தையும் சேர்த்துத் திருப்பிடும். இதுவரைக்கும் ஒரு ஸ்டூடண்ட் கூட இதைக் கேக்கல.”

அடுத்த மாதம் என்னைப் பௌதிக ஆய்வகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே முப்பத்து மூன்று வருடம் இருந்தேன்.

ஆக்னஸ் மிஸ்ஸுக்கு மேலப்புதூர். என்னைவிட ஆறு மாதம் இளையவர். ஆனாலும் மேலதிகாரி. பியூன் முதல் எல்லாரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார். அந்த நாளில் அது பெரிய அதிசயம். யாரிடமும் ‘தப்பு’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘எவ்வளவு?’ என்று கேட்பார். கம்பி சூடாக இருக்கிறது என்றால், எவ்வளவு சூடு? கண்ணாடி கோணலாக இருக்கிறது என்றால், எவ்வளவு கோணல்? கைப்பையில் ஜபமாலையோடு ஆறங்குல இரும்பு ஸ்கேல் ஒன்றும் இருக்கும். அந்த ‘எவ்வளவு’க்குப் பயந்தே, எதையும் அளக்காமல் அவரிடம் போய்ச் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

விமானம் செய்யும் எண்ணம் அவருக்குப் பருந்துகளால் வந்தது. கோடையில் மாணவிகளோடு ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்துக்குப் போயிருந்தோம். ஆறு வற்றி, கண்ணுக்கெட்டிய வரை மணல். மணலுக்கு மேலே பருந்துகள் இறக்கையே அடிக்காமல் வட்டம் போட்டு மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. திரும்பி வரும்போது காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு பருந்துகூட அப்படி வட்டமிடவில்லை.

“சூடான மணல் மேல காற்று எழும்பும்னு புஸ்தகத்துல இருக்கு,” என்றார் மிஸ். “ஆனா நான் பார்க்கலையே. பருந்துக்கு உயிர் இருக்கு, அதுவா ஏதாவது செய்யுதோ என்னவோ? உயிரில்லாத ஒரு இறக்கையை அங்க அனுப்பிப் பார்த்தா என்ன?”

எஞ்சினோடு மேலே போய், எஞ்சின் நின்ற பிறகு மிதந்து வருகிற ஒரு விமானம் வேண்டும். அதை மணலுக்கு மேலே திருப்பத் தரையிலிருந்து ரேடியோ வேண்டும். ரேடியோவை அவரே கட்டினார். அலை அனுப்ப அரசாங்க உரிமம் வர எட்டு மாதம் ஆயிற்று. அது வரும்வரை பொத்தானைத் தொடக்கூட இல்லை. எஞ்சின் கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்தது, ஒரு கொய்யாப்பழ அளவு. சின்ன விமானம் இந்தப் பெட்டிகளையும் பாட்டரியையும் சுமக்காது என்பதால் இறக்கை நுனிக்கு நுனி ஏழடி நாலங்குலம் என்று முடிவாயிற்று.

மர வேலை காசிம் பாயுடையது. கல்லூரிப் பட்டறையின் தச்சர். பாலக்கரைக்காரர், ஐம்பது வயது, பேச்சு குறைவு. மாதிரி விமானங்களுக்குப் பயன்படும் பல்சா மரம் நமக்குக் கிடைக்காது. அவர் ஒரு வாரம் எதையெதையோ சீவி, எடை பார்த்து, கடைசியில் கல்யாண முருங்கைக் கட்டையில் இறக்கையின் விலா எலும்புகளை அறுத்தார். இருபத்திரண்டு விலா. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியாது. விலாக்களைக் கோர்க்கும் நடுச்சட்டத்துக்கு, வெளிநாட்டுக் கருவிகள் வந்த தேவதாரு பாக்கிங் பெட்டியை உடைத்து, கணு இல்லாத நீளமாகத் தேர்ந்தெடுத்தார்.

மூடும் வேலை என்னுடையது. மிஸ் தன் அம்மாவின் மெல்லிய வெண்பட்டுப் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊதினால் பறக்கும். ஆனால் பல வருடம் பெட்டியில் மடித்தே இருந்ததால் மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது. விரலால் இழுத்தால் மடிப்போடு கிழியும். நல்ல இடம் பார்த்து வெட்ட வேண்டும்.

துணி மேல் பூச ‘டோப்’ என்ற திரவம் வேண்டும். அது காயும்போது துணியை இழுத்து இறுக்கும், காற்றுப் புகாமலும் அடைக்கும். கடையில் இல்லை. சினிமாக் கொட்டகையிலிருந்து வெட்டிப்போட்ட பழைய பிலிம் துண்டுகளை வாங்கி வந்தோம். வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊறவைத்தால், முகங்களும் மரங்களும் கறுப்புச் சளியாக வழிந்துபோய் கண்ணாடி மாதிரி பிலிம் மட்டும் நிற்கும். அதை உலர்த்தி, நறுக்கி, ஆய்வகத்து அசிட்டோனில் கரைத்து, வாழைப்பழ வாசனை அடிக்கும் இன்னொரு திரவத்தையும் சேர்ப்போம். காய்ந்தபின் நொறுங்காமல் இருக்க நாலு சொட்டு விளக்கெண்ணெய். பொசுக்கென்று தீப்பிடிக்கும் சாமான். வராந்தாவில் வைத்துத்தான் வேலை. பக்கத்தில் ஒரு வாளி மணல்.

சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்து, துணி ஒட்டும் விளிம்புகளில் மட்டும் முதலில் இரண்டு தடவை டோப் பூச வேண்டும். பட்டை ஈரமாக்கிப் பிழிந்து, சட்டத்தின் நடுவில் போட்டு, நடுவிலிருந்து நுனிக்கு, நுனியிலிருந்து பக்கத்துக்கு, கட்டை விரலால் தள்ளித் தள்ளிச் சுருக்கம் எடுக்க வேண்டும். காய்ந்ததும் டோப். பிரஷ் ஒருமுறை போன வழியில் திரும்பக் கூடாது. காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு பால் மாதிரி வெளுத்துவிடும். அன்றைக்குப் பிரஷ்ஷை மூடி வைத்துவிட வேண்டியதுதான். ஒவ்வொரு பூச்சுக்கும் இறக்கையைச் சமமான பலகையில் ஊசி குத்திப் படுக்க வைத்துக் காய விடுவோம்.

வலது இறக்கை மூன்று பூச்சில் தம்பூரா மாதிரி அதிர்ந்தது. இடது இறக்கையை ஒரு வியாழக்கிழமை மதியம் பலகையிலிருந்து விடுவித்தேன். ஊசியை எடுத்த மறுகணம், நுனிப் பக்கம் பின் விளிம்பு மெல்ல எழும்பியது. முறுக்கிக்கொண்டது.

மிஸ் ஸ்கேலை வைத்தார். “முக்கால் அங்குலம். இப்படியே பறந்தா ஒரு பக்கமாச் சாஞ்சு தலைகீழா விழும்.” பிறகு காசிம் பாயைப் பார்த்தார். “மரம் இன்னும் ஈரமா இருந்திருக்குமோ பாய்?”

“என் மரம் முறுக்காது டீச்சரம்மா.”

“வேற எது முறுக்கும்?”

எனக்கும் மரம்தான் என்று தோன்றியது. துணி இவ்வளவு மெல்லியது, அது எப்படி ஒரு சட்டத்தைத் திருகும்? நான் அதைச் சொல்லவும் செய்தேன். காசிம் பாய் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறக்கையைத் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம், பட்டறை வேலை போக மீதி நேரமெல்லாம் உட்கார்ந்து, வேறு பெட்டியின் மரத்தில் இடது இறக்கையை முழுக்கப் புதிதாகச் செய்தார். அந்த இரண்டு வாரமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அதே காகித அச்சை வைத்துத் துணி வெட்டி மறுபடி மூடினேன். பூசினேன். ஊசியை எடுத்தேன். மறுபடி எழும்பியது. மிஸ் ஸ்கேலை வைத்தார். முக்கால் அங்குலம். அதே பக்கம்.

அவர் எரிச்சல்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த இறக்கையையே பார்த்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது.

“மரம் வேற. முறுக்கு அதே. அப்ப எது மாறல?”

கேள்வி எங்கள் மூவருக்கும் பொதுவாகத்தான் கேட்கப்பட்டது. எனக்கு மட்டும் பதில் தெரிந்துவிட்டது. மாறாதது என் காகித அச்சு. அந்த அச்சை நான் துணியில் எப்படி வைத்தேன் என்பது கண்முன்னே வந்தது. வலது இறக்கைக்கு நேராக வைத்தேன். இடது இறக்கையின் மேல்பக்கத்துக்கு, இற்றுப்போன மடிப்பு குறுக்கே வராமல் இருக்க, அச்சைச் சாய்த்து வைத்து வெட்டினேன். இரண்டு முறையும். நாலு தறி ஓடும் வீட்டில் பிறந்தவள் நான். நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் சாய்வாகப் போகும்படி வெட்டிய துணி மூலைக்கு மூலை இழுக்கும் என்பது எனக்குத் தெரியாதா?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கம் ஒன்று. காசிம் பாய் எதிரிலேயே நின்றார், அது இன்னொன்று. ‘நாளைக்குப் பார்க்கலாம் மிஸ்’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை வகுப்புகள் தொடங்குமுன் வந்தேன். மூங்கில் சிம்பில் முழ நீளத்துக்கு ஒரே மாதிரி இரண்டு சட்டம் கட்டினேன். ஒன்றில் மீதிப் பட்டை நேராக ஒட்டினேன். மற்றதில் சாய்த்து ஒட்டினேன். ஒரே டோப், ஒரே பிரஷ். பலகையில் குத்தி வைத்தேன். நான் நினைத்தது பொய்யாகட்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. உண்மையாக இருந்தால் எவ்வளவு திருகும் என்று பார்க்க இன்னொரு மனம் துடித்தது. இரண்டும் எனக்குள்தான் இருந்தன. அது எனக்கே புதுமையாக இருந்தது.

சாயங்காலம் இரண்டு சட்டத்தையும் எடுத்தேன். நேரானது நேராகவே கிடந்தது. சாய்த்தது வதங்கிய வெற்றிலை மாதிரி திருகியிருந்தது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனேன். மிஸ்ஸும் அங்கே இருந்தார்.

“பாய், உங்க மரம் இல்ல. நான் துணியைச் சாய்ச்சு வெட்டிட்டேன். ரெண்டு தடவையும் என்னாலதான்.”

காசிம் பாய் திருகிய சட்டத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரெண்டு வாரமா என் கையை நானே சந்தேகப்பட்டேன், கமலாம்மா,” என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குக் கண் கலங்கியது.

மிஸ் ஸ்கேலை எடுத்து அந்தச் சட்டத்தின் திருகலை அளந்தார். “சரி. சாய்க்காம வெட்ட இனி துணி இருக்கா?”

முழு நீளத்துக்கு இல்லை. மடிப்புக்கும் மடிப்புக்கும் இடையே சின்னச் சின்னத் துண்டுகள்தான் நல்லதாக இருந்தன. ஒரு விலாவுக்கும் அடுத்த விலாவுக்கும் நடுவே ஒரு துண்டு வீதம், நூல் நேராக ஓடும்படி வெட்டி, ஓரங்களை விலாவின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டினேன். காசிம் பாய் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டையும் நகராமல் பிடித்துக்கொண்டார். பத்து நாள் பிடித்தது. ஊசியை எடுத்தபோது பின் விளிம்பு பலகையிலேயே படுத்திருந்தது. மூவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம், எழும்பிவிடுமோ என்று.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை கொள்ளிடக் கரைக்குப் போனோம். காற்று இல்லாத நேரம் என்று காலை ஏழரைக்கே போய்விட்டோம். மணல் ஊற்றில் குளித்துவிட்டுக் குடையோடு வந்த ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பக்கத்தில் நின்றார். நெற்றியில் பளிச்சென்று திருமண்.

“ஏம்மா, இது தானாப் பறக்குமா, யாராவது ஓட்டணுமா?”

மிஸ் பொறுமையாக விளக்கினார். பருந்து விஷயத்தையும் சொன்னார்.

“அப்படின்னா இப்போ விட்டுப் பிரயோஜனம் இல்லை. நான் நாப்பது வருஷமா இந்தப் படித்துறைக்கு வரேன். பதினொரு மணிக்கு முன்னாடி கருடன் இங்கே வட்டம் போட்டுப் பார்த்ததே இல்லை.”

“பதினொண்ணா? ஏன் பதினொண்ணு?” என்றார் மிஸ்.

“அதை நீங்கதான் சொல்லணும்.”

மிஸ் விமானத்தை இறக்கி வைக்கச் சொன்னார். மூன்றரை மணி நேரம் காத்திருந்தோம். மிஸ் அரை மணிக்கு ஒருமுறை மணலில் தெர்மாமீட்டரைச் செருகி எழுதிக்கொண்டார். பெரியவர் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் ஏறியதும் தன் குடையை ரேடியோப் பெட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டார். பதினொன்று அடித்துக் கொஞ்ச நேரத்தில் முதல் பருந்து வந்தது.

காசிம் பாய் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கி, மணலில் பத்தடி ஓடி விட்டார். எஞ்சின் வீறிட்டது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வலப்பக்கம் திரும்பும், இரண்டுமுறை அழுத்தினால் இடப்பக்கம். அவ்வளவுதான் கட்டுப்பாடு. நாலு நிமிடத்தில் எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றது. திடீரென்று அமைதி. வெள்ளை இறக்கை மட்டும் மிதந்தது.

ஒரு பாகைமானியில் ஈயக்குண்டு கட்டிய நூல் தொங்கவிட்டு, விமானம் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறது என்று வாசித்துச் சொல்வது என் வேலை. வட்டமிட்டுக்கொண்டே முதலில் கொஞ்சம் இறங்கியது. இருபத்து மூன்று என்றேன். இருபத்திரண்டு. மிஸ் மணலின் நடுப்பக்கமாகத் திருப்பினார். இருபத்திரண்டு. இருபத்து நாலு. நான் தப்பாகப் பார்க்கிறேன் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்தேன். இருபத்து ஏழு. முப்பத்தொன்று.

“எழும்புது மிஸ்!”

“சத்தம் போடாதீங்க, நம்பரைச் சொல்லுங்க,” என்றார் அவர்.

ஐந்து நிமிடம் கழித்து அது ஒரு வெள்ளைப் பொட்டாகிவிட்டது. மெல்ல வடக்கே நகர்ந்தது. ரேடியோ எட்டும் தூரத்தைத் தாண்டினால் அவ்வளவுதான். சமயபுரம் பக்கம் எந்த வயலிலோ, எந்தக் கூரையிலோ போய் விழும். மனிதர்மேல்கூட விழலாம். இறக்க ஒரே வழி, பொத்தானை விடாமல் அழுத்திப் பம்பரமாகச் சுற்ற விடுவது. சுற்றினால் வேகம் ஏறும். வேகம் ஏறினால் இறக்கை பிய்ந்து போகலாம்.

மிஸ் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “தாங்குமா?”

“மரம் தாங்கும் டீச்சரம்மா,” என்றார் காசிம் பாய்.

பிறகு இருவரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். ‘தாங்கும்’ என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

“தாங்கும்னு உறுதியாச் சொல்ல முடியல மிஸ். ஆனா முறுக்காது. அது நிச்சயம்.”

“போதும்,” என்று பொத்தானை அழுத்தினார்.

வெள்ளைப் பொட்டு சாய்ந்தது. சுற்றியது. சீட்டியடிக்கிற சத்தம் எங்கள் காதுவரை வந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு ‘ரங்கா, ரங்கா’ என்றார். மிஸ் பொத்தானை விட்டார். இறக்கை தடுமாறிச் சமமானது. மறுபடி அழுத்தினார். மறுபடி விட்டார். ஆறு முறை. கடைசியில் அக்கரைப் பக்கம் நாணல் புதருக்கு முன்னால் மணலில் வயிற்றால் தேய்த்துக்கொண்டு நின்றது.

செருப்புக்குள் மணல் சுட, மூவரும் ஓடினோம். நான் துண்டு துண்டாக ஒட்டிய இடது இறக்கையில் ஒரு கீறல் இல்லை. வலது இறக்கையில், ஒரே துணியாக நேர்த்தியாக மூடினேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த இறக்கையில், ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு பிளந்திருந்தது. காசிம் பாய் அந்தக் கிழிசலில் விரலை விட்டு நடுச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தக் கோடையில் இன்னும் நாலுமுறை பறக்கவிட்டோம். காலையில் விட்டபோது எழும்பவில்லை. காவிரித் தண்ணீர் மேலே விட்டபோதும் எழும்பவில்லை. ஐந்தாவது முறை பனைமரத்தில் மோதி எஞ்சின் உடைந்தது. வேறு எஞ்சின் கிடைக்கவில்லை. சில வருடம் கழித்து ஆக்னஸ் மிஸ் வேறு ஊர்க் கல்லூரிக்குத் துறைத் தலைவராகப் போனார். காசிம் பாய் ஓய்வு பெற்றார். நான் இருந்தேன்.

ஓய்வு பெறும் நாளில் அலமாரிச் சாவிகளை ஒப்படைக்கும்போது, கருவிகளின் பழுதுகளை எழுதி வைக்கும் பழைய பதிவேடு ஒன்று கையில் வந்தது. மிஸ்ஸின் கையெழுத்தில் ஒரு பக்கம். ‘பழுது: இடது இறக்கை முறுக்கு, முக்கால் அங்குலம். காரணம்: மேல்துணி சாய்வாக வெட்டப்பட்டது. கண்டுபிடித்தவர்: கமலவல்லி. உதவியது: காசிம் இரண்டாவதாகச் செய்த இறக்கை.’

வெட்டியது யார் என்று அதில் இல்லை. இத்தனை வருடம் எனக்குக்கூடக் காட்டாமல் அப்படி எழுதி வைத்திருந்தார். பிறகு பேனாவை எடுத்து, கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘வெட்டியவரும் அவரே.’ கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை மூடாமல் வைத்திருந்துவிட்டு, பதிவேட்டை அடுத்து வந்தவளிடம் கொடுத்தேன்.